பச்சை நாற்பத்துமூன்று

வினோதினி முதன்முதலாகப் பழுதுபார்த்தது அவள் வீட்டு டிவியைத்தான். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழகிப் பார்க்கலாமே என்று திறந்தாள். மூடும்போது மூன்று திருகாணி மிச்சம் இருந்தது, படம் இல்லை. ஒன்பது நாள் மல்லுக்கட்டிய பிறகு படம் வந்தது. அந்த ஒன்பது நாளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சாப்பிட்ட அவள் கணவர் குணசேகரன் எழுந்து நின்று கைதட்டினார். சாப்பாட்டு மேஜை அன்றோடு பட்டறையாகிக் கையைவிட்டுப் போனது அவருக்கு அப்போது தெரியவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்துமூன்று. மதுரையில் டிரைவரும் இல்லாமல் கண்டக்டரும் இல்லாமல் பஸ்கள் தாமாகவே ஓட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அரசாங்கம் நாற்பது நாள் பயிற்சி கொடுத்தது. காளான் வளர்ப்பு, அழகுக்கலை, டிவி பழுதுபார்ப்பு, இந்த மூன்றில் ஒன்று. காளான் அவளுக்கு ஆகாது. அழகுக்கலையில் இடம் நிரம்பிவிட்டது. முப்பது வருடம் டிக்கெட் கிழித்த கையில் சால்டரிங் அயர்ன் வந்து சேர்ந்த கதை இவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் யாழினி. இருபத்து நான்கு வயது, பாடம் நடத்துவதில் அவளும் புதுசு.

"என்னைய மேடம்னு கூப்பிடாதீங்கக்கா. உங்க பொண்ணு வயசுதான் எனக்கு."

"அதெல்லாம் முடியாது மேடம். செக்கிங் இன்ஸ்பெக்டர் சின்னப் பையனா இருந்தாலும் சார்தான்," என்று வினோதினி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் வகுப்பில் யாழினி ஒரு சின்னப் பலகையைத் தூக்கிக் காட்டினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. "இத நல்லாப் பாத்துக்கங்க. கம்பெனி இதுக்கு நீளமா ஒரு பேரு வச்சிருக்கு. கடைக்காரங்க எல்லாரும் ருசி போர்டுன்னுதான் சொல்லுவாங்க. ஸ்டேஷன்ல இருந்து வர்றது எல்லா வீட்டுக்கும் ஒரே சீரியல்தான். வீட்டுக்கு வந்ததும் இந்த போர்டு அத உங்க ருசிக்குத் தாளிச்சுக் குடுக்கும். நீங்க எங்க சிரிக்கிறீங்க, எங்க எந்திரிச்சுப் போறீங்க, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். உங்களுக்கு மாமியார் ஜெயிக்கணும்னா உங்க வீட்டுல மாமியார் ஜெயிப்பா. பக்கத்து வீட்டுல மருமக ஜெயிப்பா."

"நெசமா யாரு மேடம் ஜெயிச்சது?"

யாழினி பலகையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பிடி ஒண்ணு இல்லக்கா," என்றாள்.

பிறகு கண்டிப்பாக ஒரு விதி சொன்னாள். பவர் போர்டில் சூடு வைப்பதற்கு முன்னால் ருசி போர்டைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். சூடு பட்டால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். எது எந்த டிவியின் போர்டு என்று கட்டாயம் அடையாளம் வைக்க வேண்டும். வினோதினி இதைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டாள்.

பயிற்சி முடிந்த பத்தாம் நாள் அவர்கள் குடியிருந்த சி பிளாக்கில் இடி விழுந்தது. பன்னிரண்டு வீட்டில் பதினொரு டிவி ஒரே நொடியில் செத்துப்போனது. குளிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவைக்கும் விநோதமான பழக்கம் குணசேகரனுக்கு உண்டு. அதனால் இவர்கள் டிவி மட்டும் தப்பியது. கம்பெனிக்குப் போன் போட்டால், ஆள் வர மூன்று வாரம் என்றது ஒரு இனிமையான குரல். மூன்று வாரமா! பன்னிரண்டு வருடமாக ஓடுகிற 'பூமாலை வீடு' இன்னும் இரண்டு வாரத்தில் முடியப்போகிறது.

டிவி இல்லாத முதல் சாயங்காலம் ஜனங்கள் வேறு வழியில்லாமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் பேச வேண்டுமே. பேச ஆரம்பித்த பிறகுதான் கூத்து. முதல் மாடி பர்வீன் வீட்டில் கதாநாயகி மாதங்கி வக்கீல். இரண்டாம் மாடியில் அவள் நாலு வருடமாக ஜெயிலில் இருக்கிறாள். இன்னொருவர் வீட்டில் மாமியார் திருந்திக் காசிக்கே போய்விட்டாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு கதை ஓடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததாலேயே பல வருடமாக யாரும் யாரிடமும் சீரியல் பேசியதில்லை. அடுத்தவர் கனவைக் கேட்டு நமக்கென்ன ஆகப்போகிறது என்ற மாதிரி இருந்துவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் வினோதினி வீட்டு வாசலில் கூட்டம். ஆளுக்கொரு டிவியைத் தூக்கிக்கொண்டு, பஸ் நிற்பதற்குள் ஏறுகிறவர்களைப்போல ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கண்டக்டரம்மா, எங்களுத மொதல்ல பாருங்க!"

"உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு," என்று அவள் வாய் தானாகவே சொன்னது.

அடையாளம் வைக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. டிப்போவில் டிக்கெட் மெஷின் ஓடாத நாளுக்கென்று கொடுத்து, திருப்பி வாங்க மறந்துபோன டிக்கெட் கட்டு இரண்டு அவள் தோல்பையில் கிடந்தது. ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. ஒவ்வொரு டிக்கெட்டிலும் மேலேயும் கீழேயும் எண் உண்டு. டிக்கெட்டைக் குறுக்கே கிழித்துப் பாதியை டிவியின் முதுகிலும் பாதியை ருசி போர்டிலும் மைதாப் பசையால் ஒட்டினாள். ரோஸ் கட்டில் நாற்பத்தொன்று முதல் ஐம்பது வரை பத்தே டிக்கெட் மிச்சம் இருந்தது. பதினோராவதாக, எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கி மூன்றாம் மாடி சற்குணம் சார் தன் டிவியைக் கொண்டுவந்தார். அதற்குப் பச்சைக் கட்டைப் பிரித்தாள். அதில் மேலே இருந்த டிக்கெட் நாற்பத்துமூன்று.

கண்டக்டருக்கு நிறம்தான் முதலில் கண்ணில் படும், எண் அப்புறம். ரோஸ் நாற்பத்துமூன்றும் பச்சை நாற்பத்துமூன்றும் ஒரே பையில் கிடந்து ஒரு நாளும் அவளைக் குழப்பியது கிடையாது. ஆனால் பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பசை தடவுவது இல்லை. பசை காய்வதற்குள் இரண்டு சாயமும் கரைந்து, பதினொரு டிக்கெட்டும் வெளுத்த வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டன. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. உப்பிய பூரிபோல வீங்கிக் கிடந்த கெபாசிட்டரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் புதுசு வைத்து, ஒவ்வொரு திரையாக உயிர் பெற்று எழும்போது குதூகலத்தில் இருந்தாள். எண்ணைப் பார்த்தாள், போர்டை மாட்டினாள். டிக்கெட் இரண்டு பாதியையும் உரித்துக் குப்பையில் போட்டாள். பயணி இறங்கியாயிற்று, இனி அந்த டிக்கெட் எதற்கு?

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதினொன்றும் வீடு போய்ச் சேர்ந்தன. சி பிளாக் முழுக்க ஏழரை மணிக்கு ஒரே நேரத்தில் 'பூமாலை வீடு' பாட்டு கேட்டது. வினோதினி பால்கனியில் நின்று அதைக் கேட்டாள். அவளுக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

புதன்கிழமை காலை சற்குணம் சார் வந்தார். நாற்பது வருடம் சேலைக்கடையில் நின்ற மனிதர், வயது எழுபத்திரண்டு. மனைவி தவமணி போய் நாலு வருடம் ஆகிறது, தனியாகத்தான் இருக்கிறார்.

"கொற சொல்றேன்னு நெனச்சுக்காத தாயி. படம் தெளிவா இருக்கு. சத்தமும் ஜோரா இருக்கு. மாதங்கி மட்டும் பேயாயிட்டா."

"பேயாவா?"

"வெள்ளிக்கெழமையே ஆயிட்டா. கனவா இருக்கும்னு விட்டுட்டேன். சனிக்கெழம புளியமரத்துல தொங்குறா. நேத்து மாமியாரோட ரத்தத்தக் குடிச்சுட்டா." அவர் துண்டால் நெற்றியைத் துடைத்தார். "தவமணிக்குப் பேய்னா ஆகாது. அதான் மனசு கேக்கல."

"சார், அம்மா போயி..."

"தெரியும் தாயி." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு சீரியல்ல நாட்டம் கெடையாது. மாதங்கி கட்டியிருக்க சேலையத்தான் பாப்பேன். தெனமும் மாம்பழ மஞ்சள்ல கட்டுவா. தவமணிக்குப் புடிச்ச கலரு. அப்புறம் தண்ணியப் போட்டுட்டு வர்ற சமையக்காரன் ஒருத்தன். அவன் வந்தாலே இவளுக்குக் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பு. இவ போனப்புறமும் மஞ்சச் சேல வந்துச்சு, அந்தக் குடிகாரனும் வந்தான். ஏழரைக்கு டிவியப் போட்டா, பக்கத்துல உக்காந்து அவதான் ரிமோட்ட வச்சிருக்க மாதிரி இருக்கும். அவ துணிமணி எல்லாம் குடுத்தாச்சு. அவ சமையலு மறந்துபோச்சு. அவ ருசி மட்டும் அந்தப் பொட்டிக்குள்ள இருந்துச்சு."

வினோதினி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவரை உட்கார வைத்துவிட்டு யாழினிக்குப் போன் போட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, யாழினி ஒரே மூச்சில் சொன்னாள்:

"போர்டு மாறிடுச்சுக்கா. அந்தம்மா போர்டு வேற வீட்டுல ஓடிக்கிட்டிருக்கு. புது ஆளப் பாத்தா அது மொதல்ல விருந்தாளின்னு நெனச்சுக்கும். ஏழு நாள் வரைக்கும் அவங்க ருசியத் தனியா ஒதுக்கி வச்சிருக்கும். ஏழு நாள் தாண்டிட்டா, இவங்க வீட்டு ஆளுதான்னு முடிவு பண்ணி ரெண்டையும் கலந்துரும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. என்னைக்கு மாட்டுனீங்க?"

"வெள்ளிக்கெழம."

"அப்ப நாளைக்கு ராத்திரிக்குள்ள எடுத்தாகணும்."

டிவியின் முதுகில் இருந்த டிக்கெட் குப்பையோடு போய்விட்டது. பச்சை நாற்பத்துமூன்றோடு இடம் மாறிய ரோஸ் நாற்பத்துமூன்று, அன்று கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்ற பத்து வீட்டில் எது என்று அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. போர்டில் அச்சிட்ட எண்ணை வைத்துக் கம்பெனி சொல்லும், மூன்று வாரம் கழித்து.

"சார், உங்க வீட்டுக் கதையில மட்டும் வர்றது வேற எதாச்சும் இருக்கா? மஞ்சச் சேலை இன்னொரு வீட்டுலயும் இருக்கலாம்."

அவர் யோசித்தார். "ஒண்ணு இருக்கு. சம்பந்தமே இல்லாம வரும். மாதங்கி தெனமும் ஒரு கிண்ணத்துல பணியாரம் எடுத்துக்கிட்டு எதுத்த வீட்டுக்குப் போவா. கதவத் தட்டக் கையத் தூக்குவா. தட்டாம திரும்பி வந்துருவா. வருசக்கணக்கா இதே கததான். எபிசோடு நீளம் பத்தலன்னு சேக்குறான் போலன்னு நெனச்சுக்குவேன்." கிளம்பும்போது வாசலில் நின்று, "யாருக்குன்னு சொல்லாத தாயி. பொண்டாட்டி செத்தப்புறமும் அவளோட சீரியல் பாக்குறான்னு சிரிப்பாங்க," என்றார்.

அன்று ஏழரைக்கு வினோதினி மல்டிமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அரை மணி நேரம்தான் இருக்கிறது. வீட்டுக்கு மூன்று நிமிடம்.

"சும்மா ஒரு செக்கிங். ஓல்டேஜ் பாக்கணும். நீங்க பாருங்க, பாருங்க."

பர்வீன் வீட்டில் மாதங்கி கறுப்புக் கோட்டில் வாதாடினாள். அடுத்த வீட்டில் அவள் கம்பிக்குப் பின்னால் இருந்தாள். இன்னொரு வீட்டில் மாதங்கியே இல்லை, அவளைப் பிடிக்காதென்று கொன்றுவிட்டு மாமியாரை வைத்தே பத்து வருடம் ஓட்டியிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான வீட்டில் மாதங்கியும் புருஷனும் பேசவே இல்லை, மழையில் நனைந்துகொண்டே இருந்தார்கள். பையன்கள் நாலு பேர் தங்கிய வீட்டில் அவள் குறிபார்த்துத் துப்பாக்கியால் சுட்டாள். எந்த வீட்டிலும் போர்டு மாறியதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவரவர் கதை ஒழுங்காக ஓடுகிறது. மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு ஏறும்போது அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. போர்டு மாறிய வீட்டுக்காரரும் இந்நேரம் புகார் சொல்லியிருக்க வேண்டும். சற்குணம் சாருக்குப் பேய் வந்த மாதிரி அவர்களுக்கும் வேறு ஏதோ வந்திருக்குமே. ஏன் சும்மா இருக்கிறார்கள்?

மிச்சம் இருந்தது ஒரே வீடு. சற்குணம் சார் வீட்டுக்கு நேர் எதிரே, லூர்து மேரி வீடு. மணி ஏழு ஐம்பத்தெட்டு.

லூர்தக்கா வீட்டில் ஆறு பேர். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மூன்று. பேரன்மாருக்குப் பேய் என்றால் உயிர். ஆறு பேர் வீட்டில் லூர்தக்காவின் ருசி ஆறாவது இடத்தில் இருந்தது. போன வாரம் அவரை விட்டுவிட்டுக் கொடைக்கானல் போன ஐந்து பேரும் இன்னும் திரும்பவில்லை. வினோதினி மணியடித்தபோது உள்ளே டிவி சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறக்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

"என்னடி வினோ, இந்நேரத்துல?"

"செக்கிங் லூர்தக்கா. டிவி நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது. பேய்தான். எங்க வீட்டுல வேற என்ன ஓடும்."

"எதுத்த வீட்டுக்குப் பணியாரம் எடுத்துக்கிட்டுப் போற மாதிரி எதுவும் வருதா?"

"அதெல்லாம் ஒண்ணும் வரலியே," என்று சொல்லிவிட்டு லூர்தக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் டேங்க்கைத் தவிர எதுவும் இல்லை. முப்பது வருடம் வினோதினி பார்த்த பார்வை அது. டிக்கெட் எடுக்காதவர்கள் கண்டக்டர் பக்கத்தில் வரும்போது அப்படித்தான் வெளியே பார்ப்பார்கள்.

"அக்கா," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

லூர்தக்கா நாற்காலியில் உட்கார்ந்து, நீலச் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டதில் இருந்து அவர் நீலம் தவிர வேறு கட்டியது இல்லை. "அது தவமணி போர்டுதானே?" என்றார் உள்ளிருந்து. "ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சுடி. அந்தச் சமையக்காரனப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவனப் பாத்து நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சிரிப்போம்."

பிறகு கதை முழுவதும் வந்தது. புது டிவி வருவதற்கு முன்னால் இருவரும் ஒரே டிவியில்தான் 'பூமாலை வீடு' பார்த்தார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் இரண்டு வீட்டிலும் புது டிவி வந்தது. அது கதையை மாற்றும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மறுவாரமே சண்டை. மாமியார் பாலில் விஷம் வைத்தாள் என்றாள் தவமணி. வைக்கவே இல்லை, நான் என் கண்ணால் பார்த்தேன் என்றார் லூர்து. நீ பொய் சொல்கிறாய் என்று ஒருத்தி சொல்ல, பொய் உன் பரம்பரைக்கே பழக்கம் என்று இன்னொருத்தி சொல்ல, வார்த்தை எங்கேயோ போய்விட்டது. ஆறு மாதம் கழித்து டிவியின் சங்கதி ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஆனால் பேசிய பேச்சு பேசியதுதானே. யார் முதலில் கதவைத் தட்டுவது என்று இருந்தார்கள். ஏழு வருடம் இருந்தார்கள். பிறகு தவமணி போய்விட்டாள். அன்றைக்கும் லூர்தக்கா தன் வாசற்படியிலேயே நின்றார்.

"இவ தெனமும் வந்திருக்காடி," என்றார் லூர்தக்கா. "பணியாரத்த எடுத்துக்கிட்டு எங்கதவு வரைக்கும் தெனமும் வந்திருக்கா. எனக்குத்தான் தெரியல. வெள்ளிக்கெழம கடசி எபிசோடு. தட்டுறாளான்னு பாத்துக்கிறேன். அதுவரைக்கும் விட்டுரு."

"நாளைக்கு ராத்திரியோட கலந்துரும் லூர்தக்கா. அப்புறம் சாருக்கு அம்மாவே இருக்க மாட்டாங்க."

லூர்தக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தானே எழுந்துபோய் டிவி பிளக்கைப் பிடுங்கினார். "எடுத்துக்கிட்டுப் போ."

"நீங்க வெள்ளிக்கெழம அங்க வந்து பாக்கலாம்ல? பத்தடிதான்."

"அந்தப் பத்தடியத்தான்டி பதினோரு வருசமா நடக்க முடியல."

வியாழக்கிழமை காலையில் வினோதினி இரண்டு போர்டையும் மாற்றி மாட்டினாள். இந்த முறை டிக்கெட் இல்லை, ஒவ்வொன்றிலும் வீட்டு எண்ணையே பேனாவால் எழுதி மூன்று முறை சரிபார்த்தாள். அன்று மாலை சற்குணம் சார் கண்ணீர் மறைத்த கண்ணோடு திரையில் மாம்பழ மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டு அவளை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். போர்டு எந்த வீட்டில் இருந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு இருபதுக்கு அவள் அவர் வீட்டிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். எதற்கும் பக்கத்தில் இருப்போம் என்று டூல் பையும் கூட. ஏழு இருபத்தெட்டுக்குக் கதவை யாரோ தட்டினார்கள்.

லூர்தக்கா நின்றிருந்தார். கையில் மூடிபோட்ட தூக்குவாளி. பணியார வாசனை உள்ளே வந்தது.

சற்குணம் சார் கதவை அகலத் திறந்தார். பிறகு, "ஆரம்பிக்கப் போகுது, வாங்க," என்றார். தவமணி உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. லூர்தக்கா அதற்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்தது. மாதங்கி வந்தாள். சற்குணம் சார் முன்னால் சாய்ந்தார்.

"பார்டர் மாறியிருக்கு," என்றார்.

மாம்பழ மஞ்சள்தான். ஆனால் கரையில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம். கடையில் நாற்பது வருடமும் டிவியில் நாலு வருடமும் சேலை பார்த்த கண் தப்பாகப் பார்க்காது. வினோதினி போனைக் கையில் எடுத்தாள். விளம்பரம் வந்ததும் யாழினியைக் கூப்பிட்டாள். பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"அவங்க அந்த டிவிய ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் பாத்தாங்கக்கா?"

"காலையில மறு ஒளிபரப்பு, மத்தியானம் பழைய எபிசோடு, தூங்குறப்பகூட ஓடிக்கிட்டிருக்கும்," என்றார் லூர்தக்கா ஈனமான குரலில்.

"அய்யோ. நானும் இப்பத்தான் புஸ்தகத்துல பாத்தேன். நாள் கணக்கு இல்லயாம், மணிக்கணக்காம். அவங்களுக்கு ஆறு நாள்லயே நெறஞ்சிருக்கும். அவங்கள வீட்டு ஆளுன்னு சேத்துருச்சுக்கா. ரெண்டும் கலந்துருச்சு. இனி பிரிக்க முடியாது. சாரி."

வினோதினி தன் டூல் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷனிடம் மிச்சம் இருந்த ஒரே பொருளை, பசை தடவிய டிக்கெட்டால் பாழாக்கிவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. லூர்தக்கா எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்க," என்றார் சற்குணம் சார். திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "மஞ்சளுக்கு நீலக் கரை எடுப்பாத்தான் இருக்கு. நான் கடையில இருந்தப்ப அவகிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். கேக்க மாட்டா," என்றார்.

விளம்பரம் முடிந்தது. மாதங்கி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். கையைத் தூக்கினாள். அத்தனை வருடமும் அங்கேயே நின்று திரும்பிய கை, இந்த முறை கதவைத் தட்டியது.

கதவு திறந்தது. எதிர் வீட்டுக்காரி அன்றுதான் முதன்முறையாக முகம் காட்டினாள். நரைத்த தலை, நீலச் சேலை.

"நீ சொன்னதுதான்டி சரி," என்றாள் அவள். "அவ பால்ல வெஷம் வச்சா."

"இல்லடி," என்றாள் மாதங்கி. "வைக்கல. நீ சொன்னதுதான் சரி."

"வச்சாடி! வச்சா! நீ சொன்னதுதான்!" என்று லூர்தக்கா டிவியைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு, சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார். சற்குணம் சாரும் அழுதார். அந்த நேரம் பார்த்துக் குடிகாரச் சமையற்காரன் கதவு என்று நினைத்துச் சுவரில் முட்டிக்கொண்டு விழுந்தான். அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். வினோதினிக்கு அந்தச் சமையற்காரன் வேடிக்கையாகவே படவில்லை. ஆனாலும் அவர்களைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

தூக்குவாளி காலியானது. லூர்தக்கா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "திங்கக்கெழம புதுசா ஒரு சீரியல் ஆரம்பிக்கிறாங்களாம்," என்றார்.

சற்குணம் சார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏழரைக்குத்தான். கதவு தெறந்துதான் இருக்கும்," என்றார்.

வினோதினி தோல்பையைத் திறந்தாள். பச்சைக் கட்டில் மேலே இருந்த டிக்கெட் நாற்பத்துநான்கு. அதைக் கிழித்து லூர்தக்கா கையில் வைத்தாள்.

"என்னடி இது?"

"வச்சுக்கங்க. செக்கிங் வருவேன்."